கைக்குழந்தைக்கு ராத்திரி உடுப்பு: பார்த்து வாங்குவோம், பார்த்துத் தைப்போம்



வழக்கம்போல இந்தப் பாடத்தையும் குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம். சேமிப்பு, கடன் கணக்கு எல்லாம் முடிந்த பிறகு படித்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். அதனால் இந்த முறை கூட்டம் தொடங்கியதும் படித்துவிடுங்கள். வீட்டில் ஒரு வயதுக்குள் குழந்தை இருந்தால் மகளையோ மருமகளையோ கூட்டி வாருங்கள். மாமியார்களும் கட்டாயம் இருக்க வேண்டும். குழந்தைக்கு என்ன போடுவது, எதைப் போர்த்துவது என்று நம்ம ஊரில் முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

இந்தப் பாடத்தை எழுத ஒரு காரணம் இருக்கிறது. அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நம் கூட்டமைப்பில் தையல் தெரிந்த உறுப்பினர்கள் சேர்ந்து குழந்தை உடுப்பு தைத்து விற்றது உங்களுக்குத் தெரியும். ஜபலா, லங்கோடு, தொப்பி, கைக்கு உறை, காலுக்கு உறை என்று ஐந்தும் சேர்ந்த ஒரு செட். பனியன் கம்பெனியில் மிச்சப்பட்ட வெட்டுத் துணியை கிலோ கணக்கில் வாங்கித் தைத்தது. நல்ல துணி, நல்ல கலர், விலையும் குறைவு. கண்காட்சியில் வைத்த அன்றைக்கே பாதிக்கு மேல் விற்றுப் போனது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த செட்டில் ஒன்றை நம் உறுப்பினர் ஒருவரே பேரப்பிள்ளைக்கு வாங்கிப் போனார். நாலு மாதக் குழந்தை. நகம் முகத்தில் கீறுகிறது என்று ராத்திரி கை உறையை மாட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். நடுராத்திரியில் குழந்தை வீல் என்று அழத் தொடங்கியது. பால் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. வயிறு வலியாக இருக்கும் என்று ஓம வாட்டர் கொடுத்தார்கள். சகுனம் சரியில்லை என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். குழந்தை கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி அழுதது. விடியும் வரை இதே கதை. காலையில் குளிப்பாட்ட உறையைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. உறையின் உள்ளே பிரிந்து தொங்கிய தையல் நூல் நடுவிரலில் நாலைந்து சுற்று சுற்றி இறுகியிருந்தது. விரல் நுனி வீங்கி, நாவல் பழம் மாதிரி கறுத்துப் போயிருந்தது. நூல் சதைக்குள் புதைந்துவிட்டதால் கண்ணுக்கே தெரியவில்லை.

உடனே தூக்கிக்கொண்டு பெரம்பலூர் ஓடினார்கள். மருத்துவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, நுனிக் கத்தரியால் ஒவ்வொரு சுற்றாக அறுத்து எடுத்தார். விரல் பிழைத்தது. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

அந்த நூல் நாம் தைத்த நூல். அந்த அம்மா உறையை அப்படியே ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து கூட்டத்தில் வைத்தார். திட்டவில்லை. "நீங்களே பாருங்க"ன்னு மட்டும் சொன்னார். நாம் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். ஓரத்தை மடித்து அடிக்காமல், ஒரே ஓட்டமாக ஓட்டி, நூலை அரை விரல் நீளத்துக்கு விட்டு வெட்டியிருந்தது. வெளியே பார்க்க லட்சணமாக இருந்தது, உள்ளே பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு வேகமாகத் தைத்ததின் விளைவு. "நூல்தானே, எந்தத் துணியிலயும் இருக்கும்"னு முதலில் ஒருவர் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவரே சும்மா ஆகிவிட்டார். மீதியிருந்த உறைகளை எண்ணி மூட்டை கட்டினோம். வாங்கியவர்களில் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் ஆள் அனுப்பிச் சொன்னோம். எல்லோரையும் பிடிக்க முடியவில்லை. கண்காட்சியில் வாங்கிப் போனவர் எந்த ஊரோ. இதைப் படிக்கிறவர் யாரிடமாவது அந்த செட் இருந்தால் கை உறையையும் கால் உறையையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஜபலாவில் பிழையில்லை.

இது நமக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. குழந்தை மருத்துவர்கள் உலகம் முழுக்க அறிந்த ஒன்று. சில சமயம் நூல், சில சமயம் தாயின் தலைமுடி. பிள்ளை பெற்ற சில மாதங்களில் தாய்க்கு முடி நிறையக் கொட்டும். அந்த முடி உறைக்குள்ளோ, லங்கோட்டுக்குள்ளோ போய் கை விரலில், கால் விரலில் சுற்றிக்கொள்ளும். ஆண் குழந்தைக்குக் குறியிலும் சுற்றியிருக்கிறது. ஆகவே காரணம் தெரியாமல் குழந்தை விடாமல் அழுதால், ஓம வாட்டரைத் தேடுவதற்கு முன்பு உடுப்பு முழுவதையும் கழற்றி, விளக்கு வெளிச்சத்தில் பத்து கைவிரல், பத்து கால்விரல் என்று எண்ணிப் பாருங்கள். இதைச் செய்ய இரண்டு நிமிடம் ஆகும். நகம் கீறுகிறது என்றால் தூங்கும்போது நகத்தை வெட்டிவிடுவதே நல்லது. உறை போட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பாருங்கள்.

பருத்தியா, நைலானா?

பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பருத்தியைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. வேப்பந்தட்டையில் பருத்திக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பருத்தி எடுக்கப் போகாத கை நம் குழுக்களில் குறைவு. ஆனால் கடையில் போய் நிற்கும்போது நாமே ஏமாறுகிறோம். பளபளப்பாக, கசங்காமல், பொம்மை ஒட்டி இருக்கிற துணியைத்தான் கை எடுக்கிறது. "இது காட்டன்தாங்க" என்று கடைக்காரரும் சொல்லிவிடுவார்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. உடுப்பின் உள் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று இழை உருவி எடுங்கள். எவர்சில்வர் தட்டின் மேல், பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொண்டு, இடுக்கியால் பிடித்து நெருப்புக் காட்டுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டால் பொடியாகும். பாலியஸ்டர், நைலான் என்றால் சுருங்கி உருகும், ஆறினதும் கறுப்பாகக் கெட்டியான மணி மாதிரி நிற்கும். இரண்டும் வந்தால் கலப்புத் துணி. ரயானும் பருத்தி போலவே எரியும், அதை இந்தச் சோதனையில் பிரிக்க முடியாது.

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பருத்தி தீப்பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பருத்தி சீக்கிரமே தீப்பிடிக்கும். நைலான், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், உரித்தால் தோலும் வரும். இரண்டிலும் ஆபத்து உண்டு, விதம்தான் வேறு. பிறகு ஏன் பருத்தி என்கிறோம்? வேர்வையை உறிஞ்சும், காற்று விடும், வேர்க்குரு வராது. சித்திரை வைகாசி ராத்திரியில் மின்விசிறி நின்றுபோனால் நமக்கே தாங்கவில்லை. பிறந்த குழந்தையால் வாய் திறந்து சொல்லவும் முடியாது, போர்வையைத் தள்ளவும் முடியாது.

திருப்பூர் உடுப்பில் தொங்கும் மஞ்சள் அட்டை

திருச்சியிலும் பெரம்பலூரிலும் அவ்வப்போது ஏற்றுமதி மிச்சம் என்று திருப்பூர் உடுப்புகளைக் குவித்து விற்பார்கள். அதில் குழந்தைகளின் ராத்திரி உடுப்பும் வரும். மேலே சட்டை, கீழே முழு நீளக் கால்சட்டை, உடம்போடு ஒட்டின மாதிரி தைத்தது. சிலவற்றில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். ஆங்கிலத்தில் இருப்பதால் பிய்த்துப் போட்டுவிடுகிறோம். அதன் சாரம் இதுதான்: குழந்தையின் பாதுகாப்புக்காக இந்த உடுப்பு உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், இந்தத் துணி தீயைத் தாங்காது, தொளதொளவென்று இருந்தால் சீக்கிரம் தீப்பிடிக்கும்.

இந்தச் சின்ன அட்டைக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. அமெரிக்காவில் குழந்தைகள் ராத்திரி உடுப்போடு அடுப்பு, ஹீட்டர் பக்கம் போய்த் தீப்பிடித்து இறந்தார்கள். அதனால் 1970களின் தொடக்கத்தில், குழந்தைகளின் ராத்திரி உடுப்பு தீயில் எளிதாக எரியக் கூடாது என்று அரசு சட்டம் கொண்டுவந்தது. பருத்தியால் அந்தச் சோதனையில் தேற முடியவில்லை. கம்பெனிகள் பாலியஸ்டருக்கு மாறின. துணியில் தீத்தடுப்பு ரசாயனமும் ஏற்றினார்கள். ட்ரிஸ் என்று அதற்குப் பெயர். 1977 ஜனவரியில் ஆர்லீன் ப்ளம், ப்ரூஸ் ஏம்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், அந்த ரசாயனம் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று எழுதினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் குழந்தை உடுப்பில் ட்ரிஸ் தடை செய்யப்பட்டது. தீயிலிருந்து காப்பாற்ற என்று போட்ட மருந்து, ராத்திரி முழுக்கக் குழந்தையின் தோலில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

பிறகு 1996ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். உடம்போடு ஒட்டியிருக்கும் உடுப்பு என்றால் தீச் சோதனை வேண்டாம், மருந்து போடாத பருத்தியே போதும் என்றார்கள். காரணம் எளிது. துணிக்கும் உடம்புக்கும் நடுவில் காற்று இருந்தால்தான் தீ ஏறும். பாவாடை எரிகிற வேகத்தில் இறுக்கமான பனியன் எரியாது. ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடுப்புக்கும் சோதனை வேண்டாம் என்றார்கள், அந்த வயதில் அது தானாக நெருப்பிடம் நடந்து போகாது என்பதால்.

இதிலிருந்து நமக்கு வேண்டியதை நாம் எடுத்துக்கொள்ளலாம். நம்ம வெயிலுக்கு இறுக்கமான முழு உடுப்பு தேவையில்லை. படுத்தே கிடக்கிற குழந்தைக்குக் கொஞ்சம் தளர்ந்த மெல்லிய ஜபலா போதும். தவழவும் நடக்கவும் தொடங்கின பிறகுதான் கவனம் வேண்டும். கொசுவத்திச் சுருள், சாமி விளக்கு, விறகடுப்பு, சாம்பிராணிச் சட்டி எல்லாம் நம் வீட்டில் தரையில்தான் இருக்கின்றன. ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு அடுக்கடுக்காக ஃப்ரில் வைத்த நைலான் கவுன் போட்டு அதோடேயே தூங்க வைக்கிறோம். அது எழுந்து நேராக விளக்கைப் பார்த்துத்தான் போகும். அந்த வயதுக்கு உடம்போடு ஒட்டின பருத்திச் சட்டையும் கால்சட்டையும்தான் சரி. திருப்பூர் மிச்சத்தில் அந்த மஞ்சள் அட்டை உடுப்பு கிடைத்தால் அளவு பார்த்து வாங்குங்கள், பெரிசாக வாங்காதீர்கள்.

தப்பித் தவறித் தீப்பிடித்துவிட்டால் குழந்தையைப் படுக்க வைத்து, கனத்த பருத்திப் போர்வையால் மூடி அணைக்க வேண்டும். அணைந்ததும் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. பற்பசை, மை, மாவு எதுவும் பூசக் கூடாது. 108க்குப் போன் செய்யுங்கள்.

"வளர்ற பிள்ளை, பெரிசா எடு"

இந்த வார்த்தையைச் சொல்லாத வீடு இல்லை. நாமும் சொன்னவர்கள்தான். காசு அருமை, இரண்டு மாதத்தில் சின்னதாகிவிடும், அதனால் ஒரு வயசு சைஸ் எடுத்துவிடுவோம் என்று நினைப்போம். பகலில் மடியில் இருக்கும்போது அதனால் கெடுதல் இல்லை. ராத்திரியில்தான் வம்பு. அகலக் கழுத்து ஜபலா தோளை விட்டு நழுவி மேலே ஏறி, வாயையும் மூக்கையும் மூடிவிடும். மூன்று மாதக் குழந்தைக்கு அதை இழுத்துவிடத் தெரியாது.

வாங்கும்போதோ தைக்கும்போதோ இப்படிப் பாருங்கள். உடுப்பைப் போட்டுவிட்டு, கழுத்து ஓரத்தைப் பிடித்து மெதுவாக மேலே இழுங்கள். மோவாயைத் தாண்டி வந்தால் அது ராத்திரிக்கு ஆகாது. மாறாக உங்கள் சுண்டு விரல்கூடக் கழுத்தில் நுழையவில்லை என்றால் இறுக்கம். மணிக்கட்டு, தொடை, இடுப்பு ரப்பர் எல்லாவற்றிலும் விரல் விட்டுப் பாருங்கள். கழற்றும்போது தோலில் சிவந்த வளையம் இருந்தால் அந்த உடுப்பின் காலம் முடிந்தது என்று அர்த்தம்.

குழந்தை வளரும் வேகம் நாம் நினைப்பதைவிட அதிகம். பிறந்தபோது இருந்த எடை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். சுமார் 50 சென்டிமீட்டர் நீளத்தில் பிறந்த பிள்ளை ஒரு வயதில் 75 சென்டிமீட்டர் இருக்கும். ஆகவே முதல் மூன்று மாத அளவில் நாலு உடுப்புக்கு மேல் காசு போட்டு வாங்கவே வேண்டாம். ஈரமானால் மாற்றுவதற்குத் தாத்தாவின் பழைய வேட்டித் துணியை விட நல்லது எதுவுமில்லை. பிள்ளை பிறக்கும் முன் புதுத்துணி வாங்கக் கூடாது என்று சொல்லி வைத்தார்கள். காரணம் எதுவோ, பலன் நல்லதாகவே இருந்தது. பல முறை துவைத்து மெத்தென்று ஆன துணிதான் முதலில் பிள்ளையின் உடம்பில் பட்டது. அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றவர்களுக்கு 2015ல் தொடங்கிக் கொடுத்த பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் இருந்தன. குழந்தை உடுப்பு, துண்டு, சின்ன மெத்தை, கொசுவலை எல்லாம் அதில் உண்டு. அந்தக் கொசுவலையைச் சில வீட்டில் இன்றும் பிரிக்காமல் பரணில் பார்க்கிறோம். கொசுவத்திப் புகைக்கு அதுதானே மாற்று, எடுத்து மாட்டுங்கள்.

பழைய துணி என்றதும் ஒரு எச்சரிக்கை. பெட்டியில் பாச்சா உருண்டை போட்டு வைத்த துணியை எடுத்து நேரே குழந்தைக்குப் போட்டுவிடாதீர்கள். அது நாப்தலின் என்ற ரசாயனம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு குறை இருக்கும், வெளியே தெரியாது. அந்தக் குழந்தைக்கு இந்த வாசனையும் துணியில் ஒட்டிய பொடியும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரும். அண்ணன் போட்ட உடுப்பைத் தம்பிக்கு எடுத்துப் போடும்போது இது நடக்கிறது. உருண்டைக்குப் பதிலாக வேப்பிலை காயவைத்துப் போடலாம். ஏற்கெனவே உருண்டை வாசம் ஏறிய துணியைக் குழந்தைக்கே எடுக்காமல் இருப்பதுதான் நல்லது.

கயிறு, ஊக்கு, தாயத்து

திருஷ்டிக்குக் கட்டுகிற கறுப்புக் கயிற்றை வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டீர்கள், எங்களுக்கும் தெரியும். அதனால் வேறு விதமாகச் சொல்கிறோம். கழுத்தில் கட்டியதை மட்டும் ராத்திரிக்குக் கழற்றிவிடுங்கள். புரளும்போது எதிலாவது மாட்டினால் கழுத்து இறுகும். அதைக் காலில் கட்டினாலும் சாமி ஏற்றுக்கொள்ளும். அரைஞாண் கயிற்றை மாதம் ஒரு முறை தளர்த்துங்கள், இரண்டு விரல் நுழைய வேண்டும். அதில் கோத்த சின்னத் தாயத்து, மணி எல்லாம் ஆறு மாதத்துக்கு மேல் வாய்க்குப் போகும். லங்கோட்டுக்கு ஊக்கு குத்துவதை இன்றோடு நிறுத்துங்கள், முடிச்சு போதும். தொப்பியில் மோவாய்க்குக் கீழே கட்டுகிற நாடாவும் கழுத்துக் கயிறு மாதிரிதான். பெரிய பிள்ளைகளின் மேல்சட்டையில்கூடக் கழுத்து நாடா வைக்க வேண்டாம் என்று அமெரிக்காவில் 1996லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டார்கள், சறுக்கு மரத்தில் மாட்டிக் கழுத்து இறுகிய பிள்ளைகளைப் பார்த்த பிறகு.

தூளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூளி கெட்டதென்று சொல்ல வரவில்லை, நாமெல்லாம் அதில் தூங்கியவர்கள். நைலான் சேலை வேண்டாம், காற்றுப் போகாது, வழுக்கும். மோவாய் நெஞ்சில் இடிக்கிற மாதிரி குழந்தை சுருண்டு கிடந்தால் மூச்சு சரியாகப் போகாது. தாய் கண்ணெதிரே இருக்கும்போது ஆட்டலாம், ராத்திரி முழுக்க வேண்டாம். புரளத் தொடங்கியதும் தூளியை விட்டுவிடுவது நல்லது. குழந்தை இல்லாத நேரத்தில் தூளியை அவிழ்த்து வையுங்கள். அதில் ஏறி முறுக்கி விளையாடிய பெரிய பிள்ளைகள் கழுத்து இறுகி இறந்த செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

குளிருமே என்று போர்த்துவது

குழந்தையைத் துணியில் சுற்றி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. முதல் சில வாரங்களுக்குத் தவறில்லை, ஆனால் காலை நீட்டி இறுக்கிச் சுற்றக் கூடாது. இடுப்பு மூட்டு நழுவும். ஜப்பானில் காலை நீட்டிக் கட்டும் வழக்கத்தை விடச் சொல்லி 1975 வாக்கில் பிரச்சாரம் செய்தார்கள், அதற்குப் பிறகு அந்தக் குறை மிகவும் குறைந்துபோனது. தவளைக் கால் மாதிரி மடக்க இடம் இருக்க வேண்டும். மூன்று நாலு மாதத்தில் புரள முயற்சி செய்யும்போது சுற்றுவதை அடியோடு நிறுத்த வேண்டும். குப்புறப் புரண்ட பிள்ளைக்குக் கை வெளியே இருந்தால்தான் தலையைத் திருப்ப முடியும்.

தொப்பியைப் பற்றித்தான் எங்கள் கூட்டத்தில் அதிகச் சண்டை. பிறந்த முதல் சில நாளும், எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் தொப்பி அவசியம். ஆஸ்பத்திரியில் சொன்னபடி போடுங்கள். எடை குறைந்த குழந்தைக்கு எல்லாக் கம்பளியையும்விடத் தாயின் நெஞ்சோடு அணைத்துக் கட்டுகிற கங்காரு முறைதான் நல்ல சூடு. ஆனால் நல்ல எடையோடு இருக்கிற மூன்று மாதப் பிள்ளைக்கு, பங்குனி மாதத்தில், ஓட்டு வீட்டுக்குள் கம்பளித் தொப்பி எதற்கு? குழந்தையின் சூடு அதிகமாக வெளியேறுவது தலை வழியாகத்தான். அதை மூடினால் உள்ளே வேகும்.

தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோவது உலகம் முழுக்க உண்டு. நம் ஊரில் "ராத்திரி நல்லாத்தான் பால் குடிச்சுது, காலையில பார்த்தா..." என்று சொல்லி அழும் வீடுகளை நாமும் பார்த்திருக்கிறோம். குப்புறப் படுக்க வைப்பதும், அளவுக்கு மேல் போர்த்திச் சூடாக்குவதும் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன என்று கண்டுபிடித்தார்கள். 1992ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று சொன்னார்கள். மல்லாக்கப் படுக்க வைக்கும் வழக்கம் பரவிய பிறகு அங்கே அந்தச் சாவுகள் பாதியாகக் குறைந்தன. மருந்து, மாத்திரை எதுவும் இல்லை, படுக்க வைக்கும் விதத்தை மாற்றியதோடு சரி. "மல்லாக்கப் படுத்தா பால் கக்கி மூச்சு அடைக்கும்"னு பாட்டிமார் பயப்படுவார்கள். நல்ல ஆரோக்கியமான குழந்தை கக்கினால் தானே விழுங்கிவிடும், இல்லை துப்பிவிடும். பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்து பிறகு படுக்க வையுங்கள். தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வைக்கிறீர்களே, அதுவும் தூங்கும்போது வேண்டாம். மெத்தை சமமாக, கெட்டியாக இருக்கட்டும்.

எவ்வளவு துணி போதும் என்று எப்படித் தெரியும்? கையையும் காலையும் தொட்டுப் பார்த்து "சில்லுனு இருக்கு" என்று இன்னொரு சட்டை போடுகிறோம். சின்னக் குழந்தைக்குக் கை கால் குளிர்ச்சியாக இருப்பது சகஜம். பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தால் போதுமானது. பிடரியில் வேர்வை பிசுபிசுத்தால் ஒன்றைக் கழற்றுங்கள். நீங்கள் போட்டிருக்கிற துணியைவிட ஒரு அடுக்கு கூடுதல், அதற்கு மேல் வேண்டாம். கோடையில் மெல்லிய கையில்லாத ஜபலாவும் லங்கோடும். கொசு இருந்தால் மெல்லிய முழுக்கை. மார்கழிப் பனிக்கு அந்த முழுக்கைச் சட்டைக்கு உள்ளே ஒரு பனியன். தளர்ந்த கம்பளிப் போர்வையை முகம் வரை இழுத்து மூடுவதைவிட, உடுப்பில் ஒன்றைக் கூட்டுவது பாதுகாப்பு.

தைக்கிற உறுப்பினர்களுக்கு

தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை இங்கேயும் எழுதுகிறோம். கை உறை, கால் உறை இனிமேல் நம் குழுவில் தைப்பதில்லை. ஜபலாவின் எல்லா ஓரத்தையும் மடித்து அடிக்க வேண்டும், அல்லது தையல் விளிம்பு வெளியே வரும்படி தைக்க வேண்டும். உள்ளே வழவழப்பாக இருந்தால் குழந்தைக்கு நல்லது, வெளியே கொஞ்சம் லட்சணம் குறைந்தால் பரவாயில்லை. பொத்தான், மணி, ஒட்டுப் பொம்மை, ரிப்பன் பூ எதுவும் வேண்டாம். பக்கவாட்டில் துணி நாடா வைக்கலாம், கட்டிய பிறகு தொங்கும் மிச்சம் நாலு விரலுக்கு மேல் போகக் கூடாது. கழுத்தில் நாடா கிடையாது. வாங்கி வருகிற வெட்டுத் துணியில் ஒவ்வொரு கட்டிலும் நாலு இழை உருவி எரித்துப் பார்த்த பிறகே கத்தரி வைக்க வேண்டும். தைத்து முடித்த ஒவ்வொன்றையும் தைத்தவர் அல்லாத இன்னொருவர் உள்பக்கம் திருப்பிப் பார்த்து, நூல் வெட்டி, தன் குறியைப் போட வேண்டும். இதனால் ஒரு நாளைக்குத் தைக்கும் எண்ணிக்கை குறைகிறது, கூலியும் குறைகிறது என்று நம் உறுப்பினர்கள் சொல்வது உண்மைதான். ஒரு உடுப்புக்கு விலையைக் கொஞ்சம் கூட்டுவதா, சரிபார்க்கிறவருக்குக் கூட்டமைப்பு நிதியிலிருந்து கொடுப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும், ஊக்குநர்கள் தங்கள் குழுவில் கேட்டுக்கொண்டு வரவும்.

இன்னொன்று. வாலிகண்டபுரம் கூட்டத்தில் உடுப்புப் பெட்டி ஒன்று வைக்கிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சின்னதாகிப்போன நல்ல பருத்தி உடுப்பைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, உள்பக்கம் பார்த்துக் கொண்டு வாருங்கள். தேவைப்படுகிற அளவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். பாச்சா உருண்டை வாசம் வருகிற துணியைப் பெட்டியில் போட வேண்டாம். கை உறையும் வேண்டாம்.